'சர்வாதிகாரம்' என்னும் சொல்லும் ஹன்னா அரெண்டின் நூலும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

ஹன்னா அரெண்ட் 1951இல் வெளியிட்ட 'தி ஆரிஜின்ஸ் ஆஃப் டோட்டாலிடேரியனிசம்' இருபதாம் நூற்றாண்டின் அரசியல் சிந்தனை நூல்களுள் மிகுதியாக எடுத்தாளப்பெறும் ஒன்று. யூத வெறுப்பு, ஏகாதிபத்தியம், டோட்டாலிடேரியனிசம் என மூன்று பகுதிகளாக அமைந்த இந்நூல், நாசி ஜெர்மனியும் ஸ்டாலின் கால சோவியத் ஒன்றியமும் அதுவரை உலகம் கண்டிராத ஓர் ஆட்சி வகை என்று வாதிடுகிறது. கொடுங்கோன்மை, இராணுவ ஆட்சி, தனியாள் ஆட்சி ஆகிய பழைய பெயர்களுள் எதுவும் அதற்குப் பொருந்தாது என்பதே நூலின் அடிப்படை. ஆகவே இந்நூலைத் தமிழாக்க முனைவோருக்குத் தலைப்பே முதல் தடை. 'சர்வாதிகாரத்தின் தோற்றம்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் நூல் எந்த வேறுபாட்டை நிறுவ எழுதப்பட்டதோ அந்த வேறுபாடு தலைப்பிலேயே அழிந்துவிடும். அரெண்டின் வாதத்தை அதன் சொற்களின் வழியே ஆராய்ந்து, அச்சொற்கள் தமிழில் எவ்வாறு நிற்கும் என்பதையும், அவ்வாறு நிறுத்திப் பார்க்கையில் வாதத்தின் வலிமையும் நலிவும் எங்கெங்கே புலப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை காண முற்படுகிறது.

சொல்லின் பிறப்பு

'டோட்டாலிடேரியன்' என்னும் அடை இத்தாலியில் பிறந்தது. பிறப்பித்தவர் பாசிசத்தின் எதிரி. தாராளவாத அரசியலாளரான ஜியோவான்னி அமெண்டோலா 1923 மே மாதத்தில் 'இல் மோண்டோ' இதழில் இதனை ஆண்டார். உள்ளாட்சித் தேர்தல்களில் பெரும்பான்மைப் பட்டியல், சிறுபான்மைப் பட்டியல் ஆகிய இரண்டையும் பாசிசக் கட்சியே முன்வைத்தது. எதிர்க்கட்சிக்கு உரிய இடத்தையும் ஆளுங்கட்சியே நிரப்பிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டையே அவர் 'சிஸ்டேமா டோட்டாலிடாரியோ' எனச் சுட்டினார். இச்சொல் தொடக்கத்தில் தத்துவச் சொல்லாக இல்லை; தேர்தல் முறைகேடு ஒன்றின் பெயராகவே இருந்தது. 1925 சனவரியில் லேலியோ பாஸ்ஸோ இதன் பெயர்ச்சொல் வடிவத்தை ஆண்டார். அதே ஆண்டு சூன் மாதத்தில் முசோலினி இந்த ஏச்சுச் சொல்லைத் தமதாக்கிக்கொண்டு, தம் இயக்கத்தின் மூர்க்கமான மனவுறுதிக்கு அடைமொழியாக்கினார். 1932இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் முசோலினி பெயரில் வெளிவந்த பாசிசக் கோட்பாட்டுக் கட்டுரையில் இது பெருமைக்குரிய கொள்கைச் சொல்லாக உயர்ந்தது. அக்கட்டுரையின் முற்பகுதியை எழுதியவர் ஜியோவான்னி ஜென்டிலே என்பது அறியப்பட்டதே. ஏச்சுச் சொல் பெருமைச் சொல்லாக உயர்வதைச் சொற்பொருளியலார் பொருளுயர்வு என்பர். அவ்வுயர்வு பொதுவாகத் தலைமுறைகளைக் கடந்தே நிகழும். இங்கோ இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது. அமெண்டோலா 1925 சூலையில் பாசிசக் குண்டர்களால் தாக்கப்பட்டு 1926 ஏப்ரலில் இறந்தார்.

ஜெர்மனியில் இதன் வழி வேறு. எர்ன்ஸ்ட் யூங்கர் 1930இல் 'முழுத் திரட்டல்' பற்றியும், கார்ல் ஷ்மிட் 1931இல் 'முழு அரசு' பற்றியும் எழுதினர். ஆயினும் நாசிக் கட்சி இத்தாலியச் சொல்லை விரும்பி ஏற்கவில்லை. கட்சியின் கொள்கையாளர் ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க் 1934இல் 'முழு அரசு' என்னும் தொடரையே மறுத்தார். முழுமை அரசுக்கு உரியதன்று, இயக்கத்துக்கு உரியது என்பது அவர் கருத்து. சோவியத் ஆட்சியைக் குறிக்க இச்சொல்லை ஆண்டவர்களுள் முன்னோடிகள் அவ்வாட்சிக்குள் புரட்சியாளராக இருந்து ஒதுக்கப்பட்டவர்களே. 1933இல் விக்டர் செர்ஜும், 1936இல் 'காட்டிக்கொடுக்கப்பட்ட புரட்சி'யில் டிராட்ஸ்கியும் இதனை ஆண்டனர். 1947 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நாடாளுமன்ற உரையில் ஆண்ட பின் இது பனிப்போரின் படைக்கலமாயிற்று.

இவ்வரலாற்றில் முரண் ஒன்று உண்டு. சொல்லைப் பெற்றெடுத்த இத்தாலியை அரெண்ட் தம் வகைப்பாட்டில் சேர்க்கவில்லை. 1938 வரை முசோலினியின் இத்தாலி வழக்கமான தேசியவாதத் தனியாள் ஆட்சியே என்பது அவர் முடிபு. தன்னை டோட்டாலிடேரியன் என்று முழங்கிய அரசு அவ்வாறு இல்லை. அச்சொல்லைத் தவிர்த்த அரசு அவ்வாறு இருந்தது. ஓர் ஆட்சி தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயரை அதன் இயல்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

'சர்வாதிகாரம்' தமிழில் பெற்ற பொருள்

சர்வ + அதிகாரம் எனப் பிரித்தால் இச்சொல்லின் அமைப்புப் பொருள் 'எல்லா அதிகாரமும்' என்பது. அமைப்பை மட்டும் நோக்கினால் 'டோட்டாலிடேரியனிசம்' என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இல்லை. ஆனால் வழக்கில் அது வேறொரு பொருளைப் பற்றிக்கொண்டது. 1930களில் சட்டமறுப்பு இயக்கத்தில் போராட்டக் குழுவின் தலைவர் சிறை செல்ல, அடுத்தவர் முழுப் பொறுப்பேற்பது வழக்கம். அவ்வாறு பொறுப்பேற்றவர் 'சர்வாதிகாரி' எனப்பட்டார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் இதே பதவிப்பெயர் வழங்கியது. நெருக்கடி வேளையில், வரையறுத்த காலத்துக்கு, முழுப் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்தல் என்னும் பண்டை உரோமானிய 'டிக்டேட்டர்' பதவியின் பொருளே அங்கு நின்றது. அதில் இழிவு இல்லை. சிறை செல்லும் தியாகத்தின் சாயல்கூட இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலச் செய்தித்தாள்கள் ஹிட்லருக்கும் முசோலினிக்கும் இச்சொல்லை அடையாக்க, அது இழிபொருள் ஏற்றது. இதற்கிடையில் மார்க்சிய மொழிபெயர்ப்புகள் 'பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்' என்னும் தொடரை நிலைநாட்டின. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் வழியே அத்தொடர் கலைச்சொல்லாகவே உறைந்துவிட்டது. ஆகத் தமிழில் 'சர்வாதிகாரம்' என்பது 'டிக்டேட்டர்ஷிப்'. அந்த இடத்திலிருந்து அதனைப் பெயர்த்தெடுக்க இனி இயலாது.

அண்டை மொழிகளை நோக்கினால் நிலைமை மேலும் தெளிவாகும். கன்னடத்தில் 'சர்வாதிகார' தமிழைப் போலவே தனியாள் ஆட்சியைக் குறிக்கிறது. இந்தியிலோ 'சர்வாதிகார்வாத்' என்பது டோட்டாலிடேரியனிசத்துக்கே உரியது; தனியாள் ஆட்சிக்குப் பாரசீக வழிவந்த 'தானாஷாஹி'யும் வடமொழி வழிவந்த 'அதிநாயக்வாத்'தும் உள. மராத்தியில் தனியாள் ஆட்சி 'ஹுகூம்ஷாஹி', தெலுங்கில் 'நியந்த்ருத்வம்'. மலையாளம் 'ஏகாதிபத்யம்', 'சர்வாதிபத்யம்', 'ஸமக்ராதிபத்யம்' என மூன்று சொற்களைப் பகிர்ந்து வைத்துக்கொண்டு, மூன்றாவதை டோட்டாலிடேரியனிசத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. ஒரே வடமொழித் தொகை ஒரு மொழியில் ஒரு பொருளையும் மற்றொன்றில் வேறு பொருளையும் பெறுவது இந்திய மொழிகளில் புதிதன்று ('உபந்நியாசம்' தமிழில் சொற்பொழிவு, இந்தியில் நாவல்). ஆனால் இந்தி வழியாக அரசியல் நூல்களைத் தமிழாக்குவோர் 'சர்வாதிகார்வாத்' என்பதைச் 'சர்வாதிகாரம்' என்று அப்படியே எடுத்துவைக்கும்போது நேரும் பிழை, ஒலியொப்புமையால் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது.

தமிழ்ச் சொல்லின் குறை இதனோடு நில்லாது. அதன் இரண்டாம் உறுப்பாகிய 'அதிகாரம்' என்பதே அரெண்டின் வாதத்துக்கு எதிரானது. 1961இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள 'அதாரிட்டி' பற்றிய கட்டுரையிலும், 1970இல் வெளிவந்த வன்முறை பற்றிய நூலிலும் அவர் ஆற்றல், அதிகாரம், வன்முறை முதலியவற்றைத் தனித்தனியே பிரிக்கிறார். கேட்பவர் மனமுவந்து கீழ்ப்படிவதே அதிகாரம். வற்புறுத்தல் நுழையும் இடத்தில் அது ஏற்கெனவே தோற்றுவிட்டது. டோட்டாலிடேரியன் ஆட்சி அதிகாரத்தின் மிகுதியால் தோன்றியதன்று. மரபான அதிகாரங்கள் அனைத்தும் சரிந்த வெற்றிடத்தில் தோன்றியது. தமிழ் 'அதிகாரம்' இவ்வேறுபாட்டை அறியாது. அலுவலரும் அதிகாரி, அவர் கையில் இருப்பதும் அதிகாரம், அவர் அதட்டினால் அதுவும் அதிகாரம். எனவே 'முற்றதிகாரம்', 'அனைத்ததிகாரம்' எனப் புதிதாக ஆக்கத்தக்க வடிவங்களும் முதல் உறுப்பைத் திருத்தி இரண்டாம் உறுப்பில் தவறுவன.

இங்குப் பிறிதொரு கேள்வி எழும். அரெண்ட் வற்புறுத்தும் வேறுபாடு அத்துணை இன்றியமையாததா? அவ்வேறுபாடு தூய அறிவாய்வுக்கு மட்டும் பயன்பட்டதன்று. 1979இல் ஜீன் கிர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரை, தனியாள் ஆட்சிகள் மாறக்கூடியவை, டோட்டாலிடேரியன் ஆட்சிகள் மாறாதவை என்று பிரித்து, முன்னவற்றோடு அமெரிக்கா உறவுகொள்வதற்கு நியாயம் தேடியது. பத்தே ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பா அக்கணிப்பைப் பொய்யாக்கியது. 1970கள் தொட்டு ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக் முதலிய வரலாற்றாசிரியர்கள் சோவியத் சமூகத்தை உள்ளிருந்து ஆராய்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கை இயக்கியது என்னும் சித்திரம் மிகை எனக் காட்டினர். இவை வலுவான மறுப்புகளே. எனினும் ஒரு நூலின் கருத்தை மறுக்க வேண்டுமாயினும் அக்கருத்து முதலில் மொழிக்குள் வந்தாக வேண்டும். 'சர்வாதிகாரம்' என்னும் சொல்லில் அடைக்கப்பட்ட அரெண்டைத் தமிழில் ஏற்கவும் இயலாது, எதிர்க்கவும் இயலாது.

தோற்றமா, கூறுகளா?

தலைப்பின் மற்றொரு சொல்லும் எளியதன்று. 'ஆரிஜின்ஸ்' என்பதைத் தோற்றம், மூலம், தோற்றுவாய் எனப் பலவாறு தமிழாக்கலாம். ஆயின் அரெண்டே இச்சொல்லால் நிறைவடையவில்லை. 1953இல் எரிக் ஃபீகலின் எழுதிய மதிப்புரைக்கு விடையளிக்கையில், இந்நூல் உண்மையில் தோற்றங்களைப் பேசவில்லை, பின்னர் ஒன்றாக உறைந்த கூறுகளையே பேசுகிறது என்னும் பொருள்பட விளக்கினார். 1955இல் அவரே ஜெர்மனில் உருவாக்கிய பதிப்பின் தலைப்பு 'முழு ஆதிக்கத்தின் கூறுகளும் தோற்றங்களும்' என்று அமைந்தது. 'கூறுகள்' முன்னே சேர்ந்தது. 'இசம்' நீங்கி 'ஹெர்ஷாஃப்ட்' வந்தது. மொழிபெயர்ப்பு மூலநூலைத் திருத்திய அரிய நிகழ்ச்சி இது. தமிழாக்குவோர் ஆங்கிலத் தலைப்பினும் ஜெர்மன் தலைப்பைப் பின்பற்றுவதே தக்கது. தமிழில் 'மூலம்' என்று எழுதினால் வித்திலிருந்து மரம் எழுவது போன்ற இன்றியமையாத தொடர்ச்சி தொனிக்கும். அரெண்ட் மறுக்க விரும்பியதும் அதனையே. யூத வெறுப்பு இருந்தது என்பதால் நாசி ஆட்சி வந்தே தீர வேண்டியதில்லை. ஏகாதிபத்தியம் பல நாடுகளில் இருந்தது. மரண முகாம்கள் எல்லா நாடுகளிலும் எழவில்லை.

நூலின் நலிவும் இங்கேதான் உள்ளது. முதலிரு பகுதிகள் விளக்கும் கூறுகள் ஏறத்தாழ முழுவதும் நாசி ஆட்சியை நோக்கியவை. மேற்கு ஐரோப்பாவின் யூத வெறுப்பு, ட்ரைஃபுஸ் வழக்கு, ஆப்பிரிக்காவைப் பங்கிட்ட போட்டி, இனக்கொள்கை ஆகியவற்றிலிருந்து ஸ்டாலினை அடைய வழியில்லை. மூன்றாம் பகுதியிலோ இரு ஆட்சிகளும் இணையாக நிறுத்தப்படுகின்றன. இவ்விடைவெளியை அரெண்ட் அறிந்தே இருந்தார். மார்க்சியத்துள் இருந்த டோட்டாலிடேரியன் கூறுகளைப் பற்றி நூல் எழுத 1950களின் தொடக்கத்தில் திட்டமிட்டார். அந்நூல் எழுதி முடிக்கப்படவில்லை. 1958இன் இரண்டாம் பதிப்பில் கருத்தியலும் அச்சமூட்டலும் பற்றிய இயலைச் சேர்த்தமை கட்டடத்தின் கூரையைச் செப்பனிட்டதேயன்றி அடித்தளத்தைச் செப்பனிட்டதாகாது.

திரும்பி வந்த சொற்கள்

இரண்டாம் பகுதியாகிய ஏகாதிபத்தியமே நூலின் வளமான பகுதி. இந்திய வாசகருக்கு நெருக்கமானதும் அதுவே. தென்னாப்பிரிக்காவில் இனமும், அல்ஜீரியா, எகிப்து, இந்தியா ஆகியவற்றில் ஆணைகளின் வழி நடந்த அலுவலர் ஆட்சியும் அயலாரை ஆளும் கருவிகளாகக் கண்டறியப்பட்டன. பின்னர் அவை ஐரோப்பாவுக்கே திரும்பின என்பது அவர் வாதம். எகிப்தை 1883 முதல் 1907 வரை ஆண்ட குரோமர் பிரபு அவருக்கு முதன்மை எடுத்துக்காட்டு; அதற்கு முன் இந்திய அரசப் பிரதிநிதியின் செயலராகவும் நிதி உறுப்பினராகவும் அவர் பயின்றவர். கிப்ளிங்கின் 'கிம்' நாவலும் விரிவாகப் பேசப்படுகிறது. ஆயினும் ஆளப்பட்டவர்களின் குரல் இப்பகுதியில் ஏறக்குறைய ஒலிக்கவே இல்லை. ஆப்பிரிக்கரைக் குறித்த பக்கங்களில் போயர் குடியேறிகளின் பார்வை எங்கு முடிகிறது, ஆசிரியரின் பார்வை எங்குத் தொடங்குகிறது எனப் பிரித்தறிய முடியாதவாறு நடை கலங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் மிக விழிப்போடு கையாள வேண்டிய பக்கங்கள் அவை. ஆங்கிலத்தில் மறைந்து நிற்கும் மேற்கோள் பார்வையைத் தமிழில் '-ஆம்', 'என்ப', 'என்று கருதினர்' போன்றவற்றால் வெளிப்படையாக்கினால் ஆசிரியர் தப்பித்துக்கொள்வார். அவ்வாறு செய்யாவிடின் மொழிபெயர்ப்பாளரும் உடன்படுகிறார் என்றாகும். முன்னதைச் செய்தல் மூலத்தைத் திருத்துதலாகும். மூலத்தின் கலக்கத்தை அப்படியே விட்டு, முன்னுரையில் அதனைச் சுட்டுதலே நேர்மை.

ஏகாதிபத்தியக் கூறுகள் திரும்பி வந்தன என்னும் கருத்துக்கு வலுவான சான்று அரெண்டின் நூலுக்கு வெளியே, ஒரு மொழியறிஞரின் குறிப்பேட்டில் கிடைக்கிறது. விக்டர் கிளெம்பரர் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் உரோமானிய மொழிப் பேராசிரியர். யூதப் பிறப்பினர் என்பதால் 1935இல் பணிநீக்கப்பட்டார். மனைவி யூதரல்லர் என்பதால் நாடுகடத்தலிலிருந்து நீண்ட காலம் தப்பினார். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சின் குழப்பத்தில் ஓடி உயிர் பிழைத்தார். அவ்வாண்டுகளில் ஒளித்து வைத்த நாட்குறிப்புகளிலிருந்து 1947இல் அவர் வெளியிட்ட நூல் 'எல்.டி.ஐ.', 'லிங்குவா டெர்ட்டீ இம்பெரீ', அதாவது மூன்றாம் பேரரசின் மொழி. தமக்கு நாசித்தன்மை உடையதாக முதலில் உறைத்த சொல்லாக அவர் குறிப்பது 'ஷ்ட்ராஃப்எக்ஸ்பெடிட்சியோன்' என்பதனை. பொதுவுடைமையரை அடித்து நொறுக்கச் சென்றதை ஓர் இளைஞர் இச்சொல்லால் கூறக் கேட்டபோது, ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றைப் படை சூழ்ந்து தண்டிக்கும் காட்சியே அவருக்கு நினைவில் எழுந்தது. குடியேற்ற நாட்டு நிர்வாகத்தின் சொல் ஒன்று ஜெர்மானிய நகரத் தெருவில் ஜெர்மானியர்மீது ஏவப்பட்டது. தமிழில் 'தண்டனைப் படையெடுப்பு' எனலாம். 'பாடம் புகட்டல்' என்பது பேச்சில் இயல்பாக வரும்; எனினும் அதில் படை மறைந்துவிடும்.

முகாம் பற்றிய சொற்களும் இவ்வாறே பயணப்பட்டவை. 1896இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வைலர் மக்களை ஓரிடத்தில் குவித்ததற்கு வழங்கிய 'ரெகான்சென்ட்ராசியோன்', போயர் போரில் பிரித்தானியர் அமைத்த 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்', பின்னர் ஜெர்மன் 'கோன்சென்ட்ராட்சியோன்ஸ்லாகர்' என்னும் வரிசையில் 'குவித்தல்' என்னும் நிர்வாகச் சொல்லே நெடுகத் தொடர்கிறது. தமிழில் 'வதைமுகாம்' என்றும் 'சித்திரவதை முகாம்' என்றும் வழங்குகிறோம். அறநோக்கில் இது சரி. ஆயினும் அலுவலகச் சொல் எதை மறைத்ததோ அதனைத் தமிழ்ச் சொல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. இந்த முகாம்களும் 'காப்புக் காவல்' என்னும் தொடரும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் முன்பே இருந்தவை என்று அரெண்ட் சுட்டுகிறார். விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைக்க இடந்தந்த 1818ஆம் ஆண்டின் வங்காள மூன்றாம் ஒழுங்குவிதியையும் 1919இன் ரௌலட் சட்டத்தையும் அறிந்த இந்திய வாசகர் இதில் வியப்படையார். நாசிகளின் 'ஷுட்ஸ்ஹாஃப்ட்' நேர்பொருளில் 'பாதுகாப்புக் காவல்'. தமிழில் கைக்கெட்டும் சொல் 'தடுப்புக் காவல்'. ஆனால் தடுப்புக் காவல் இந்திய அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு இடந்தரும் ஒன்று. அறிவுரைக் குழுமம், கால வரையறை முதலிய கட்டுப்பாடுகளை, ஏட்டளவிலேனும், உடையது. ஷுட்ஸ்ஹாஃப்டில் நீதிமன்றம் தலையிட வழியே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் ஒன்று மிகைப்படும், மற்றொன்று குறைபடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சொல் பயணப்பட்டது என்பதனாலேயே நிறுவனமும் பயணப்பட்டது என்றாகாது. பெயர் ஒன்றாய் இருக்கச் செயல் வேறாகலாம். போயர் முகாமில் நோயாலும் பட்டினியாலும் நேர்ந்த பெருஞ்சாவும், ட்ரெப்ளிங்காவில் திட்டமிட்டு இயற்றப்பட்ட கொலையும் ஒன்றல்ல. சொற்சான்று தொடர்பைக் காட்டும்; காரணத்தை நிறுவாது.

மொழியியலின் பங்கு

'ஆரியர்' என்னும் சொல்லைப் பொறுத்தவரை மொழியியலார் ஒதுங்கி நிற்க வழியில்லை. அது அவர்கள் பட்டறையில் வார்த்தது. 1786இல் வில்லியம் ஜோன்ஸ் சுட்டிய மொழியுறவு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொழிக்குடும்பமாகி, பின்னர் மக்களினமாகியது. மாக்ஸ் முல்லர் தாமே 1888இல், ஆரியம் என்பது மொழியைக் குறிப்பது, குருதியையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என வலியுறுத்தினார். காலம் கடந்த திருத்தம். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் வந்த அரசுப் பணியாளர் சட்டம் 'ஆரியர் அல்லாதாரை' வெளியேற்றியது. நான்கு நாள் கழித்து வந்த விதி, தாத்தா பாட்டியருள் ஒருவர் யூதராயினும் ஒருவர் ஆரியர் அல்லர் என வரையறுத்தது. மொழிக்குடும்பத்தின் பெயர் மூதாதையர் சமயப் பதிவேட்டால் அளக்கப்படும் நிலை வந்தது. 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் இச்சொல்லைக் கைவிட்டு 'ஜெர்மானிய அல்லது அதனோடு உறவுடைய குருதி' என்று எழுதின. சட்ட வரைவாளருக்கே அச்சொல் பயன்படவில்லை.

தமிழாக்குவோருக்கு இடர் வேறு. தமிழில் 'ஆரியர்' என்றதும் 'திராவிடர்' உடன் எழும். கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்துக்குப் பின் இவ்விணை நெடிய அரசியல் வரலாறு பெற்றது. நாசிச் சட்டத்தின் 'ஆரியர் அல்லாதார்' என்பதைப் படிக்கும் தமிழ் வாசகர், அறியாமலே தம்மையும் அவ்வெதிர்ப்பில் வைத்துப் படிப்பார். இப்படிப்பு நூலில் இல்லாத பொருளைச் சேர்க்கும். ஜெர்மன் ஒலிப்பையே கொண்டு 'ஆரியர்' என்பதற்கு மாறாக 'ஆரிஷ்' என எழுதலாமென்று ஒருவர் கூறக்கூடும். அது சொல்லின் இந்தியப் பிறப்பையே மறைத்துவிடும். சொல்லை மாற்றாமல், முதல் வரவில் குறிப்பொன்று தருவதே ஏற்புடையது.

மங்கலமும் குழூஉக்குறியும்

கொலையை அலுவலகச் சொற்களால் மூடிய வழக்கைத் தமிழிலக்கண மரபு கொண்டு நோக்கலாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். செத்தாரைத் துஞ்சினார் என்றல் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றல் குழூஉக்குறி. நாசி ஆவணங்களில் கொலைக்கு வழங்கிய 'ஸோண்டர்பெஹாண்ட்லுங்' முதலியவை இவற்றுள் எதனைச் சாரும்? வெளித்தோற்றத்தில் மங்கலம், செயலில் குழூஉக்குறி. ஆனால் மரபான குழூஉக்குறி பிறர் அறியாமல் மறைப்பது. இதுவோ பேசுவோர் தமக்கே மறைத்துக்கொள்ளப் பயன்பட்டது. 'மொழி ஒழுங்கு' எனப்பட்ட இவ்வழக்கை அரெண்ட் 1963இல் ஐக்மன் வழக்கைப் பற்றி எழுதிய நூலில் விரிவாக ஆராய்கிறார். சோவியத் பக்கத்திலும் குறைவில்லை. 1937-38ஆம் ஆண்டுகளில் சுட்டுக்கொல்லப்பட்டோரின் குடும்பத்தாருக்கு 'கடிதப் போக்குவரத்து உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை' என்று அறிவிக்கப்பட்டது. மரண தண்டனைக்குச் சட்டத்தில் இருந்த பெயர் 'சமூகப் பாதுகாப்பின் உச்ச நடவடிக்கை'.

'ஸோண்டர்பெஹாண்ட்லுங்' என்பதைச் 'சிறப்புக் கவனிப்பு' எனத் தமிழாக்கினால் என்ன நேரும்? காவல் நிலையத்தில் 'கவனித்துவிட்டார்கள்' என்றால் என்ன பொருள் என்று தமிழ் வாசகர் அனைவரும் அறிவர். சொல் உடனே நகைமுரணாகிவிடும். மூலத்தில் அந்நகைமுரண் இல்லை. அதன் வறட்சியே அதன் கொடுமை. 'தனி நடவடிக்கை' என்னும் சுவையற்ற தொடரே இங்குத் தக்கது. 'க்ளைஷால்டுங்' இன்னும் கடினம். மின்பொறியியலிலிருந்து வந்து, 1933 மார்ச் 31ஆம் நாள் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்ற இச்சொல், மாநிலங்கள், தொழிற்சங்கங்கள், சங்கங்கள் அனைத்தையும் ஒரே மின்விசையில் இணைப்பதைக் குறித்தது. 'ஒருங்கிணைப்பு' தமிழில் நற்பொருள் மிக்கது, இங்கு ஆகாது. 'ஒருவிசையாக்கம்' பழக்கமற்றதாயினும் எந்திரத்தின் மணத்தைக் காக்கிறது.

முற்றாதிக்கம்

டோட்டாலிடேரியன் ஆட்சிக்கு 'முற்றாதிக்கம்' என்னும் சொல்லை ஆளலாம். ஜெர்மன் தலைப்பின் 'ஹெர்ஷாஃப்ட்' என்பதை 'ஆதிக்கம்' தாங்கும். 'அதிகாரம்' கொணரும் குழப்பம் இல்லை. '-வாதம்' சேர்த்தால் கோட்பாடாகிவிடும் (நோயாகவும் ஆகக்கூடும்). அரெண்ட் பேசுவது ஆட்சி வடிவத்தை. 'முற்று' என்பதில் முற்றும்மையின் முழுமையும் முற்றுகையின் சூழ்தலும் ஒருங்கே உள. வெளியே எதனையும் எவரையும் விடாமை என்பதே அமெண்டோலா முதன்முதலில் அச்சொல்லால் சுட்டிய செய்தியும் ஆகும்.

அரெண்ட் தரும் உவமை ஒன்றையும் இங்குக் கருதலாம். அதிகாரவழி ஆட்சியைக் கூம்பாகவும், கொடுங்கோன்மையை இடையடுக்குகள் இடிக்கப்பட்டு உச்சி மட்டும் தொங்கும் கூம்பாகவும், முற்றாதிக்கத்தை வெங்காயமாகவும் அவர் காண்கிறார். தலைவர் உள்ளீட்டு வெற்றிடத்தில் இருக்கிறார்; ஒவ்வொரு அடுக்கும் உள்ளடுக்குக்கு இயல்பான வெளியுலகாகவும், வெளியடுக்குக்குத் தீவிரக் கொள்கையாகவும் தோற்றும். ஒன்றையொன்று காக்கும் அடுக்கமைப்பே உவமையின் கருத்து. தமிழ் வாசகருக்கோ வெங்காயம் என்றால் உரிக்க உரிக்க ஒன்றுமில்லாதது. பெரியாரின் மேடைப் பேச்சு அப்பொருளை உறுதியாக்கியும் வைத்திருக்கிறது. உவமையை மாற்ற வேண்டியதில்லை; 'அடுக்கு' என்னும் சொல்லை உவமைக்கு முன்னரே நிறுத்தினால் வாசகரின் கவனம் நடுவிலிருந்து தோலுக்குத் திரும்பும்.

நூலின் ஓரிடத்தில் மட்டும் தமிழ் மூலமொழியினும் முந்தி நிற்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் எந்த அரசின் குடிமக்களும் அல்லாராய் ஐரோப்பாவில் அலைந்தோரைப் பற்றிய இயல் அது. உரிமைகளைப் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டும் என்னும் கருத்து அங்குப் பிறக்கிறது. 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பிய அரெண்ட் 1951இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்; எழுதியது தம் நிலையையே. அவர் நூலை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1964 ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். அவர்களைக் குறிக்கத் தமிழில் வழங்கிய 'நாடற்றோர்' என்னும் சொல் அகராதிக்காக ஆக்கப்பட்டதன்று. ஆயினும் அரெண்டின் வாதம் நாடு, அரசு ஆகியவற்றின் வேறுபாட்டில் நிற்கிறது. மலையகத் தொழிலாளர்க்குத் தலைமுறைகளாக உழைத்த நாடு இருந்தது. தம் குடியாக அவர்களை ஏற்ற அரசே இல்லாதிருந்தது. 'அரசற்றோர்' என்று எழுதினால் வாதம் துல்லியமாகும்; வாசகர் அச்சொல்லைப் பழந்தமிழ் வழக்கில் மன்னனில்லாத மக்கள் எனப் பொருள்கொள்ளவும் கூடும். 'நாடற்றோர்' என்பதையே தலைப்பிலும், வாதம் நுணுகும் இடங்களில் 'எவ்வரசின் குடியும் அல்லாதோர்' என்பதையும் ஆள்வது இயலும்; இரண்டும் ஒரே மூலச்சொல்லுக்கு உரியவை என்பதைச் சொல்லடைவில் பதிய வேண்டும்.